ஆற்றில் போட்டாலும் அளந்து போடு



கம்பி இழுக்கும் ஆலையானாலும், குழாய்க்குத் துத்தநாகம் பூசும் பட்டறையானாலும் முதல் வேலை ஒன்றுதான்: இரும்பின் மேல் படிந்த துருவை எடுப்பது. கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் இதற்குப் பெயர் ‘பிக்ளிங்’. ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டியில் இரும்பை முக்கி எடுக்க எடுக்க, அமிலம் துருவையும் கூடவே கொஞ்சம் இரும்பையும் தின்று, வீரியம் இழந்து, பச்சை பாய்ந்து நிற்கும். ஒருநாள் தொட்டியைக் காலி செய்தாக வேண்டும். அப்படியே வாய்க்காலில் விட முடியாது. வெளியேறும் நீரின் பிஎச் 5.5க்கும் 9க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. எனவே அந்த அமிலம் ஆலையின் பின்புறம் உள்ள ஈடிபி என்ற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே நீற்றுச் சுண்ணாம்பு மூட்டைகள் அடுக்கியிருக்கும்.

எத்தனை மூட்டை கொட்டுவது?

சமன்செய்த வேதிச் சமன்பாடு இதற்கு ஒரு வரியில் பதில் சொல்கிறது: ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். பங்கு என்றால் எண்ணிக்கை, எடை கிடையாது. ஒரு போல்ட்டுக்கு இரண்டு நட் என்று ஃபிட்டர் சொன்னால், ஒரு கிலோ போல்ட்டுக்கு இரண்டு கிலோ நட் வாங்கி வருபவர் யாருமில்லை. ஆனால் வேதிப்பொருளை எண்ணி எடுக்க வழியில்லை. தராசில்தான் போட்டாக வேண்டும். எண்ணிக்கையை எடையாக மாற்றித் தருவதற்காகவே மோல் என்ற அளவு வந்தது. 2019 மே 20 முதல் ஒரு மோல் என்பது 6.02214076 × 10²³ துகள்கள் என்று உலகம் முழுவதும் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. ஒரு மோல் நீற்றுச் சுண்ணாம்பு 74 கிராம். ஒரு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 36.5 கிராம், இரண்டு மோல் என்றால் 73.

74க்கு 73. ஏறக்குறைய சமம். இந்தத் தற்செயல் பொருத்தம்தான் ஆபத்து. ‘ஒரு கிலோ அமிலத்துக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு’ என்ற கைக்கணக்கு இங்கே சரியாக வந்துவிடும். பிறகு அதே கைக்கணக்கு கந்தக அமிலத் தொட்டிக்கும் போகும். அங்கே சமன்பாடு ஒன்றுக்கு ஒன்று; 98 கிலோ கந்தக அமிலத்துக்கு 74 கிலோ சுண்ணாம்பே போதும். கிலோவுக்குக் கிலோ கொட்டினால் ஒவ்வொரு 98 கிலோவிலும் 24 கிலோ சுண்ணாம்பு வேலையில்லாமல் நிற்கும். நீரின் பிஎச் 12ஐத் தொடும். அமிலத்தை அடக்கப் போய்க் காரத்தை வாய்க்காலில் விட்ட கதை.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலேயே அந்தக் கைக்கணக்கு இன்னொரு இடத்தில் சறுக்கும். ஓய்ந்துபோன ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் மிச்சமிருக்கும் அமிலம் 50 கிலோ, கரைந்திருக்கும் இரும்பு 100 கிலோ என்று வைப்போம். இந்தத் தொழிலில் இவை வழக்கமான அளவுகள்தான். 50 கிலோ அமிலத்துக்கு 51 கிலோ சுண்ணாம்பு போதும். 25 கிலோ மூட்டையாக இரண்டைப் பிரித்துக் கொட்டிவிட்டு பிஎச் தாளை நனைத்துப் பார்த்தால் நிறம் எதிர்பார்த்தபடி மாறாது. காரணம், இரும்பு அங்கே சும்மா கிடக்கவில்லை. இரும்பு குளோரைடாகக் கிடக்கிறது. ஒவ்வொரு இரும்பு அணுவும் படிந்து கீழே இறங்க ஒரு பங்கு சுண்ணாம்பு கேட்கும். 56 கிலோ இரும்புக்கு 74 கிலோ என்றால் 100 கிலோ இரும்புக்கு 132 கிலோ. அமிலம் கேட்டதைவிட இரும்பு கேட்பது இரண்டரை மடங்கு. மொத்தம் 183 கிலோ. சந்தையில் வரும் சுண்ணாம்பு நூற்றுக்கு 85 பங்குதான் சுத்தம் என்றால் 215 கிலோ. ஏறக்குறைய ஒன்பது மூட்டை.

இந்தக் கணக்கைப் போடாதவர் என்ன செய்வார்? தாள் நிறம் மாறும்வரை மூட்டை மூட்டையாகக் கொட்டுவார். இரும்பு முழுதும் படியும்வரை பிஎச் மேலே ஏறாமல் அடம்பிடிக்கும். கடைசி இரும்பும் படிந்துவிட்டால் ஒரே தாவலாக மேலே போய்விடும். அப்போது பிரித்த மூட்டை பாதியிலா இருக்கும்? முழுதும் உள்ளே போயிருக்கும்.

படிவதும் மாயமாகிவிடுவதில்லை. 100 கிலோ இரும்பு 161 கிலோ இரும்பு ஹைட்ராக்சைடாக அடியில் தங்கும். ஈரத்தோடு எடை போட்டால் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கூடுதலாகக் கொட்டிய சுண்ணாம்பும் சுண்ணாம்பில் இருந்த கல்லும் மண்ணும் அதோடு சேரும். இந்தச் சேறு அபாயகரக் கழிவு. கண்ட இடத்தில் கொட்ட முடியாது. வட தமிழ்நாட்டு ஆலைகளின் இத்தகைய கழிவைப் புதைக்கும் பாதுகாப்பான நிலநிரப்பிடம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள்ளேயே இருக்கிறது. எடை போட்டு, லாரி ஏற்றி, டன்னுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும். ஆக, விகிதம் மீறிய ஒவ்வொரு மூட்டைக்கும் ஆலை இரண்டு முறை பணம் கொடுக்கிறது: வாங்கும்போது ஒருமுறை, புதைக்கும்போது ஒருமுறை.

மோல் விகிதத்தைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும்போது ‘எவ்வளவு விளைபொருள் கிடைக்கும்’ என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது. எது முதலில் தீர்ந்துபோகிறதோ அதுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. அதை வைத்துக் கணக்கைப் போட்டு, விடையை அடிக்கோடிட்டால் முழு மதிப்பெண். தீராமல் நின்ற மற்றப் பொருள் எங்கே போனது என்று வினாத்தாள் கேட்பதே இல்லை. தொழிற்பேட்டையில் வாழ்கிறவர்களுக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மிச்சம் என்று விடைத்தாளில் எழுதப்படும் பொருளுக்கு வெளியே ஒரு முகவரி இருக்கிறது: சேற்றுக் குழி, புகைபோக்கி, கொசஸ்தலை ஆறு, எண்ணூர்க் கழிமுகம்.

இந்தக் கணக்கு பிறந்ததே அமிலத்தையும் காரத்தையும் சேர்த்து அளந்ததில்தான். ஜெரமியாஸ் பெஞ்சமின் ரிக்டர் என்ற ஜெர்மானியர், தத்துவஞானி கான்ட் பேராசிரியராக இருந்த கோனிக்ஸ்பர்க்கில் படித்தவர். வேதியியலில் கணிதத்தின் பயன் என்பதே 1789இல் அவர் எழுதிய ஆய்வேட்டின் பொருள். 1792 முதல் வெளிவந்த தன் நூலில், இன்ன அமிலத்தின் இவ்வளவு எடையை அடக்க இன்ன காரம் இவ்வளவு எடை வேண்டும் என்று பட்டியல் பட்டியலாக அளந்து எழுதினார். பல்கலைக்கழகப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. சுரங்கத் துறையில் வேலை பார்த்தார். பிறகு பெர்லின் அரசு பீங்கான் ஆலையில் வேதியியலாளராக இருந்து, 1807இல் 45 வயதில் இறந்தார். அவர் எழுத்து கடினம், படித்தவர்கள் சொற்பம். 1802இல் ஃபிஷர் என்பவர் அந்த எண்களையெல்லாம் ஒரே அட்டவணையாகச் சுருக்கிக் கொடுத்த பிறகுதான் உலகம் கவனித்தது. அந்த அட்டவணையில் ஆயிரம் பங்கு கந்தக அமிலத்துக்கு எதிரே சுண்ணாம்பு 793 பங்கு. நீர் நீங்கிய அமிலம், சுட்ட சுண்ணாம்பு என்று இன்றைய அணு எடைகளை வைத்துப் பார்த்தால் 700 வரும். அணு இருக்கிறதா என்பதே முடிவாகாத காலத்தில், அன்றைய தராசை வைத்துக்கொண்டு அவ்வளவு அருகில் போனதே பெரிது. இன்றைக்கு மின்னணுத் தராசு வைத்திருப்பவர்கள் அதைவிடத் தள்ளிப் போவதற்குச் சாக்கில்லை.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் தூண்டல் உலைகளுக்கு வருவோம். ஸ்கிராப்போடு ஸ்பஞ்ச் இரும்பையும் போட்டு உருக்குவது வழக்கம். ஸ்பஞ்ச் இரும்பில் முழுதாக மாறாமல் தங்கிய இரும்பு ஆக்சைடு கொஞ்சம் இருக்கும். உலையிலுள்ள கார்பன் அதைப் பிடித்து இரும்பாக்கும். விகிதம் ஒன்றுக்கு ஒன்று: 72 கிலோ ஆக்சைடு, 12 கிலோ கார்பன், கிடைப்பது 56 கிலோ இரும்பும் 28 கிலோ கார்பன் மோனாக்சைடும். எடையாகப் பார்த்தால் 28 கிலோ ஒரு பொருட்டில்லை. ஆனால் அது வாயு. பாடப்புத்தகத்தின் பூஜ்ய டிகிரி வெப்பநிலையில் 22 கன மீட்டர் பிடிக்கும். உலையின் 1,600 டிகிரியில் 150 கன மீட்டருக்கு மேல். ஒரு சிறிய வீட்டின் உள்ளளவு! உருகிய இரும்பின் அடியிலிருந்து அத்தனை வாயுவும் கொப்பளித்துக்கொண்டு மேலே வர வேண்டும். ஸ்பஞ்ச் இரும்பைச் சிறிது சிறிதாக ஊட்டுவதும், மொத்தமாகக் கவிழ்த்தால் உலை பொங்குவதும் இதனால்தான். உலைக்காரர்களுக்கு இது அனுபவப் பாடம். சமன்பாடு அதற்கு எண் கொடுக்கிறது.

பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் எடுக்கும் உலைகளில் விகிதம் பிசகினால் விளைவு இன்னும் மோசம். பேட்டரித் தகட்டின் பசையில் பெரும்பங்கு ஈய சல்பேட். அதோடு இரும்புத் துருவலையும் கரியையும் சோடாவையும் சேர்த்து உலையில் போடுவார்கள். சோடாவை ஒதுக்கிவிட்டு எளிய வடிவத்தில் எழுதினால், 303 கிலோ ஈய சல்பேட்டுக்கு 56 கிலோ இரும்பு, 24 கிலோ கரி. வெளியே வருவது 207 கிலோ ஈயம், 88 கிலோ இரும்பு சல்பைடு, 88 கிலோ கார்பன் டைஆக்சைடு. கந்தகத்தைப் பிடித்துக்கொள்வது இரும்பின் வேலை. இரும்பு குறைந்தால் கந்தகம் ஈயத்தை விடாது. ஈயம் கசடோடு போகும், அல்லது கந்தகம் வாயுவாகிப் புகைபோக்கி ஏறும். சல்லிக் காசுக்குக் கிடைக்கும் இரும்புத் துருவலில் மிச்சம் பிடித்தால் விலையுயர்ந்த ஈயம் கசடில் போகும் என்பது முதலாளியின் நஷ்டம். அந்தக் கசடில் இருக்கும் ஈயம் மண்ணில் இறங்கினால் அது குழந்தைகளின் ரத்தத்தில் ஏறும் என்பது ஊரின் நஷ்டம். மிச்சம் மண்ணில் இறங்குவதற்கு வேறோர் ஊரிலும் சாட்சி உண்டு: ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவைக் குவித்துவிட்டுப் போயிருக்கிறது. தாதுவிலிருந்து வெளியே எடுக்கப்படாமல் நின்ற மிச்சம் அதிலே இன்னும் நிலத்தடி நீரைத் தேடி இறங்கிக்கொண்டிருக்கிறது.

புகைபோக்கி வழியே போகும் மிச்சத்துக்கு வல்லூர் உதாரணம். அங்கே தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டாக நடத்தும் அனல்மின் நிலையம், மூன்று 500 மெகாவாட் அலகுகள் கொண்டது. ஒரு அலகு முழு வேகத்தில் ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 8,000 டன் நிலக்கரி எரியும். நிலக்கரியில் அரை சதவீதம் கந்தகம் என்று வைத்தால் 40 டன் கந்தகம். எரிந்தபின் 80 டன் கந்தக டைஆக்சைடு. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களின் கந்தக வாயுவுக்கு வரம்பு விதித்தது. கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விதி தளர்த்தப்பட்டது. தளர்த்தச் சொன்னவர்கள் வைத்த வாதங்களில் ஒன்று: கந்தகத்தைப் பிடிக்கச் சுண்ணாம்புக்கல்லைப் போட்டால் அதிலிருந்து கார்பன் டைஆக்சைடு வருகிறதே, அது புவியைச் சூடாக்காதா?

கேள்வி நியாயம்தான். விகிதத்தை வைத்தே பதில் தேடலாம். ஒரு மூலக்கூறு கந்தக டைஆக்சைடைப் பிடிக்க ஒரு பங்கு சுண்ணாம்புக்கல். வெளியேறுவது ஒரு மூலக்கூறு கார்பன் டைஆக்சைடு. கிடைப்பது ஒரு பங்கு ஜிப்சம். மேற்படி 80 டன்னுக்கு 125 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். 215 டன் ஜிப்சமும் 55 டன் கார்பன் டைஆக்சைடும் வரும். அதே நாளில் அதே அலகில் நிலக்கரி எரிந்ததால் வரும் கார்பன் டைஆக்சைடு 11,000 டன்னை ஒட்டி இருக்கும். 11,000த்தின் முன் 55 என்பது அரை சதவீதம். இந்த அரை சதவீதத்தைக் காட்டி, பக்கத்து அத்திப்பட்டுக்காரரின் மூச்சில் போகக்கூடிய 80 டன்னை நியாயப்படுத்த முடியாது. செலவு அதிகம் என்று சொன்னால் அது வாதம். கார்பன் என்று சொன்னால் அது சாக்கு.  

மிச்சத்தைக் கொட்டாமல் சுற்றிவிடும் தொழிலும் உண்டு. மணலி அதற்கு உதாரணம்.  அங்குள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1966இல் தொடங்கி, 1971இல் உற்பத்திக்கு வந்த பொதுத்துறை நிறுவனம். பொன்னேரி, மீஞ்சூர் வயல்களில் இறங்கும் 45 கிலோ யூரியா மூட்டையைப் பிரித்துக் கணக்குப் பார்த்தால் எண்கள் அழகாக உட்காரும். இரண்டு பங்கு அம்மோனியா, ஒரு பங்கு கார்பன் டைஆக்சைடு. விளைவு ஒரு பங்கு யூரியா, ஒரு பங்கு நீர். ஒரு மூட்டைக்கு 25.5 கிலோ அம்மோனியாவும் 33 கிலோ கார்பன் டைஆக்சைடும் போகின்றன. 45 கிலோ யூரியாவோடு 13.5 கிலோ நீர் வருகிறது. வயலில் இறங்குவது சமையல் சோடாவின் வாயுவும் மூக்கைத் துளைக்கும் அம்மோனியாவும் சேர்ந்த வெள்ளை மணிகள்.

ஆனால் உலைக்குள் அந்த ‘இரண்டுக்கு ஒன்று’ என்ற விகிதத்தில் யாரும் ஊட்டுவதில்லை. மூன்றும் அதற்கு மேலும் அம்மோனியாவை வேண்டுமென்றே கூடுதலாகத் தருவார்கள். அப்போதுதான் கார்பன் டைஆக்சைடு நன்றாக மாறும். மிஞ்சிய அம்மோனியாவைப் பிரித்து, திரும்ப உலைக்கே அனுப்புவதற்கு ஆலையின் பாதிக் குழாய்கள் வேலை செய்கின்றன. விகிதம் மீறுவது இங்கே பிழை ஆகாது. திரும்பி வர வழி போட்டுவிட்டு மீறியிருக்கிறார்கள். வாய்க்காலைப் பார்த்து மீறவில்லை.

இன்னும் சுவையான சங்கதி மூலப்பொருளில் இருக்கிறது. மணலி ஆலை பல பத்தாண்டுகள் கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் நாஃப்தாவில் ஓடியது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் திரவ இயற்கை எரிவாயு முனையம் வந்தபின், 2019இல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. நாஃப்தாவில் ஒரு கார்பனுக்குச் சுமார் இரண்டு ஹைட்ரஜன் அணு. நீராவியோடு வினைபுரிந்தால் ஒரு கார்பன் டைஆக்சைடுக்கு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறு கிடைக்கும். ஒரு யூரியாவுக்குத் தேவையான இரண்டு அம்மோனியா கேட்பதும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுதான். கார்பன் டைஆக்சைடு கேட்பதும் ஒன்றுதான். எண்ணெய்க் கிணற்றில் யாரோ யூரியாவுக்கென்றே அளந்து வைத்ததுபோல. இயற்கை எரிவாயுவின் மீத்தேனில் ஒரு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன் அணு. நீராவியோடு சேர்ந்தால் ஒரு கார்பன் டைஆக்சைடுக்கு நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறு. ஹைட்ரஜனை முழுதும் அம்மோனியாவாக்கினால், அத்தனையையும் யூரியாவாக்கக் கார்பன் டைஆக்சைடு கால் பங்கு பற்றாது. காற்றோடு வரும் ஆக்சிஜன் கொஞ்சம் எரித்துவிடுவதால் நடைமுறையில் பற்றாக்குறை குறையும், முற்றிலும் போகாது.

உலகம் முழுவதும் கார்பன் டைஆக்சைடை எப்படிக் குறைப்பது என்று மாநாடு போடும் காலத்தில், எரிவாயுவில் ஓடும் யூரியா ஆலைகள் அது பற்றவில்லை என்று தேடுகின்றன. உத்தரப்பிரதேசத்தில் இஃப்கோவின் ஆம்லா, ஃபூல்பூர் ஆலைகள் இதற்காகப் புகைபோக்கி வாயுவிலிருந்து கார்பன் டைஆக்சைடைப் பிடிக்கும் அமைப்புகளை 2006இல் ஓட்டத் தொடங்கின; ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 450 டன் பிடிக்கும் திறன். இதே கடற்கரையில் வடக்கே, காக்கிநாடாவில் நாகார்ஜுனா உர ஆலையும் அதே திறனில் 2009இல் ஒன்றை நிறுவியது. 44 கிலோ கார்பன் டைஆக்சைடுக்கு 60 கிலோ யூரியா என்பது விகிதம். அந்த 450 டன்னும் யூரியாவானால், ஒரு நாளில் 13,600 மூட்டை.